நாலு பென்சில் பேட்டரி

பழைய லேப்டாப் எது கைக்கு வந்தாலும் நான் செய்யும் முதல் காரியம் பேட்டரியைக் கழற்றுவது. யாருடையது, ஓடுகிறதா, உள்ளே என்ன இருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பது பிறகுதான். பேட்டரி உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிற சரக்கு. விட்டுவைத்தால் ஒருநாள் கசியும். கசிந்தது உள்ளேயிருக்கிற சர்க்யூட் பலகையில் ஊர்ந்து போய்ச் செம்புக் கோடுகளைப் பச்சை பூக்கவைத்துத் தின்றுவிடும். இந்தக் கிறுக்குப் பிடித்த எங்கள் கூட்டத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். முதலில் பேட்டரி, அப்புறம்தான் பேச்சு.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் செய்தேன். செய்துவிட்டு, ஆயுசில் பயப்படாத பயம் பயந்தேன்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் பல் செட் கட்டுகிறவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். எங்கள் லேபில் மெழுகில் பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். வாரம் முழுக்க முன்பின் பார்த்திராதவர்களின் வாயோடு மல்லுக்கட்டிவிட்டு, விடுமுறை நாளில் துணி தேய்ப்பதற்கென்று விட்ட சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அங்கே அலமாரி நிறையப் பழைய லேப்டாப்கள். செங்கல் கனத்தில் ஒன்று, திறந்தால் கீல் நொறுங்குகிற ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் மட்டும் எழுத்துக் காட்டுகிற ஒன்று. பல வருஷம் செத்துக் கிடந்த ஒன்றின் திரையில் ஒரு சின்னக் கட்டம் விட்டுவிட்டுத் துடிக்க ஆரம்பிக்கிற நொடி இருக்கிறதே, அதற்காக நான் எதையும் கொடுப்பேன். எத்தனை தடவை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும். லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் சிலிர்க்காது. செத்ததெல்லாம் இந்த வீட்டில் சொகுசாக இருக்கிறது, உயிரோடு இருக்கிற தனக்குத்தான் சட்டை தேய்க்க இடமில்லை என்பார்.

அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், அவரையும் மிஞ்சியவர். பெரிய பேக்கரி ஒன்றில் அடுப்புப் பொறுப்பு அவரிடம். விடிவதற்கு முன் போய் அடுப்பைச் சூடேற்றி முதல் தட்டு ரொட்டியை உள்ளே தள்ள வேண்டும். அந்த அனலில் நின்று நின்று அவர் நாக்கும் பழுக்கக் காய்ந்துவிட்டது என்பது என் கணிப்பு. என் அலமாரியை முதன்முதலாகப் பார்த்தபோது, பழைய இரும்புக்காரன் தெருமுனையில்தான் நிற்கிறான், கூப்பிடட்டுமா என்று கேட்டார். பல்லும் பார்க்கிறேன், லேப்டாப்பும் பார்க்கிறேன் என்பதால் அன்றிலிருந்து அவருக்கு நான் டாக்டரம்மா. எனக்கும் அன்றிலிருந்து அவர் பேரில் ஒரு கறுவல்.

அப்படிப்பட்டவர் ஒரு லேப்டாப்பை மாவு மூட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கடைக்குப் போயிருந்த நேரம். என் வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். அக்கா குடுத்துட்டுப் போச்சு, பாக்கணுமாம் என்றார். அவ்வளவுதான். வாடி வா, இரும்புக்கடைக்கு இப்போதுதான் வழி தெரிந்ததா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு துணியைப் பிரித்தேன்.

பிரித்ததும் கறுவல் பாதி கரைந்துவிட்டது. அவ்வளவு பழசு ஒன்று என் கைக்கு வந்ததே இல்லை. மடக்கும் மூடிகூடக் கிடையாது. தடிப் புத்தகம் அளவில் ஒரே பலகை. முக்கால் பாகம் விசைகள், அதற்கு மேலே எட்டே வரி கொள்ளும் குட்டித் திரை. இந்த மாதிரி இயந்திரத்துக்கு வட்டு கிடையாது. எழுதியதெல்லாம் நினைவகத்தில் மட்டுமே நிற்கும். அடியில் நாலு பென்சில் பேட்டரி போட வேண்டும். அவற்றை மாற்றுகிற இடைவெளியில் நினைவு அழியாமல் பிடித்துவைத்துக்கொள்ள, உள்ளே பலகையிலேயே ஒரு சின்ன பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். இரண்டும் நின்றால் எல்லாம் துடைத்துவிட்ட சிலேட்டு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கை பழக்கத்தில் போய்விட்டது. மூடியைத் தள்ளி நாலு பேட்டரியையும் நெம்பி எடுத்தேன். கூடவே ஸ்பிரிங் பொடிப்பொடியாக உதிர்ந்து மடியில் கொட்டியது. பச்சை உப்பு அதுவரை வந்துவிட்டிருந்தது. சார்ஜர் சொருகும் துளையைப் பார்த்தேன். அது எப்போதோ உடைந்து உள்ளே போயிருந்தது. திருகாணிகளைக் கழற்றி முதுகைத் திறந்தேன். பலகையின் மூலையில் உள் பேட்டரி பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்து உட்கார்ந்திருந்தது. அதை வெட்டியெடுக்கக் கட்டரை எடுத்தேன்.

வெட்டுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்ப்பதும் ஒரு பழக்கம்தான். பிரயோஜனம் இல்லாத பழக்கம் என்று நினைத்திருந்தேன். இந்தக் கோலத்தில் இருக்கிற பேட்டரி பூஜ்யம்தான் காட்டும். எத்தனை இயந்திரம் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட வேறு காட்டியதில்லை. இது மூன்று வோல்ட் காட்டியது. மீட்டரில்தான் கோளாறு என்று நினைத்து முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மூன்றுக்குக் கொஞ்சம் கீழே.

கட்டரைக் கீழே வைத்தேன். செத்தது என்று நினைத்து நான் பிளந்து வைத்திருந்தது உயிரோடு இருந்தது.

நாத்தனாருக்குப் போன் போட்டு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஏன்? நின்னுடுச்சா?"

"பேட்டரியைக் கழட்டிட்டேன் அக்கா."

பேக்கரி அடுப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எது பண்ணாலும் நிறுத்தாம பண்ணச் சொல்லுன்னு உன் புருஷன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன்," என்றார் கடைசியில். "அதுதான் தினமும் என்னை எழுப்புது."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அந்த லேப்டாப் அவர் கணவருடையது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அந்த மனிதர் ஏற்கனவே சுவரில் படமாகியிருந்தார். பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதியவர், மைதானத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துத் தட்டிய இயந்திரம் அது. ஆபீசில் புதுசு கொடுத்தபோது பழசை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். என் நாத்தனாருக்குப் பெண் கும்பகர்ணன் என்று பேர். இடி விழுந்தாலும் எழமாட்டார், பேக்கரி வேலையோ விடியுமுன். அதனால் கணவர் ஒரு புரோகிராம் எழுதினார். குறித்த நேரத்தில் இயந்திரம் தானாக விழித்துக்கொண்டு, அந்த மனிதர் எப்போதும் விசிலடிக்கிற மெட்டைப் பீப் சத்தத்தில் வாசிக்கும். ஏதாவது ஒரு விசையைத் தொட்டால்தான் நிற்கும். கல்யாணமான புதிதில் எழுதியது. அவர் போன பிறகும் அதுதான் எழுப்பிக்கொண்டிருக்கிறது. கணினி என்றால் பத்தடி தள்ளி நிற்கிற என் நாத்தனார், சம்பளம் வாங்குகிற அன்று முதல் வேலையாக நாலு பென்சில் பேட்டரி வாங்கி, பழசை எடுத்த கையோடு புதுசைப் போட்டுவிடுவாராம். ஒரு மாசம்கூடத் தவறியதில்லை. இந்தத் தடவை மாற்றும்போது ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்ததைப் பார்த்துப் பயந்துதான் என்னிடம் கொண்டுவந்தாராம். பேட்டரி மாற்றுகிறபோது உடனே போட்டுவிடு, ஆறப்போடாதே என்று கணவர் சொல்லிக்கொடுத்திருந்தாராம். ஏன் என்று இவர் கேட்டதில்லை.

நான் அந்தத் திறந்த முதுகைப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதற்குள் ஓட்டம் ஒரு விநாடிகூட நின்றதில்லை. எங்கள் கூட்டத்தில் செத்ததை எழுப்பினேன் என்று பெருமை பேசாதவர் கிடையாது. சாகவே விடாமல் வைத்திருந்த ஒருவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த ஆள் என்னை டாக்டரம்மா என்று கேலி பேசுகிற என் நாத்தனார். எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்.

மீட்டர் இன்னும் இறங்கியிருந்தது. இரண்டுக்குக் கீழே போனால் மெட்டு போய்விடும். உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது.

நாத்தனார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது மாவு படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. நான் அதற்குள் நாலு பேட்டரி கொள்ளும் புதுக்கூடு ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டு ஒயரின் நுனியையும் சீவி வைத்திருந்தேன். ஸ்பிரிங் இருந்த இடத்துக்குப் பின்னால் பலகையில் இரண்டு புள்ளிகள். அவற்றில் இந்த ஒயர்களைப் பற்றவைத்துவிட்டால் போதும். சொல்லும்போது சுலபம். புள்ளிகள் இரண்டும் பச்சை உப்புக்குள் புதைந்து கிடந்தன. மற்ற நாளாக இருந்தால் வினிகர் தொட்டுக் கரைத்திருப்பேன். ஓடிக்கொண்டிருக்கிற பலகையில் ஈரம் பட்டால் மின்சாரம் கண்ட இடத்தில் பாயும். அதனால் பல்லில் காரை சுரண்டுகிற கொக்கியை எடுத்துச் சுரண்டினேன். வலிக்கிற பல்லைச் சுரண்டுவது போலத்தான் கை போயிற்று. செம்பு சிவப்பாகத் தெரிந்தது.

அடுத்த சங்கடம் பற்றவைக்கிற சூட்டுக்கோல். அது சுவரில் செருகியிருக்கும்போது அதன் நுனிக்குத் தரையோடு தொடர்பு உண்டு. உயிரோடு இருக்கிற பலகையில் தப்பான இடத்தில் பட்டால் ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிடும். வழி ஒன்றுதான். நன்றாகச் சூடேற்றிவிட்டுச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். நுனி ஆறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். என் வீட்டுக்காரரைப் பிளக் பக்கத்தில் நிறுத்தினேன். சொன்னதைப் பாதி முழுங்கிய குற்றத்துக்கு அவருக்கு அது தண்டனை. பிடுங்கு என்றால் பிடுங்கினார், செருகு என்றால் செருகினார்.

முதல் தடவை ஈயம் ஒட்டவில்லை. உருண்டு விழுந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. ஒயரைப் பிடித்திருந்த இடுக்கி சூட்டைக் குடித்துவிடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. வேறு எதனால் பிடிப்பது என்று நான் விழித்தேன்.

"கையால புடிச்சா ஆகாதா?" என்று கேட்டார் நாத்தனார்.

"சுடும் அக்கா. கொப்புளிச்சிடும்."

"சூடு எனக்குப் புதுசா?" என்று சொல்லி இரண்டு விரலால் ஒயரின் நுனிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "நீ வை."

வைத்தேன். ஈயம் உருகிச் செம்பின் மேல் பளபளவென்று பரவியது. அவர் விரல் அசையவில்லை. கறுப்பு ஒயர் முடிந்ததும் கோலை மறுபடி சூடேற்றிச் சிவப்பு ஒயரையும் அதே மாதிரி வைத்தோம். கூட்டில் நாலு பேட்டரியையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். நாலாவது உட்கார்ந்ததும் மீட்டரைப் பார்த்தேன். இரண்டே கால் வரை இறங்கியிருந்தது மெல்ல ஏற ஆரம்பித்தது. பெருமூச்சு விட்டது யார் என்று தெரியவில்லை, மூன்று பேருமாகத்தான் இருக்கும்.

உள்ளே கசிந்த பழைய பேட்டரியை அதன்பிறகு வெட்டி எடுத்தேன். பேட்டரி மாற்றுகிற நேரத்துக்கு இன்னொரு புதுக்கூட்டைக் கூடவே தொடுத்துக்கொள்ளலாம், இனி அது தேவையில்லை. அவ்வளவு அரித்துப்போயும் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த அதைக் குப்பையில் போட மனசு வரவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றெல்லாம் இனி நான் பேசமாட்டேன்.

மின்சாரம் இறங்கிக்கொண்டே இருந்த நேரத்தில் உள்ளே ஏதாவது உதிர்ந்திருக்குமோ என்ற பயம் எனக்கு இருந்தது. நாத்தனாரை விரலுக்கு மருந்து போட அனுப்பிவிட்டு சுவிட்சைத் தள்ளினேன். குட்டித் திரையில் எழுத்துக்கள் மங்கலாக எழுந்து, பக்கத்துச் சக்கரத்தைத் திருகியதும் கறுத்தன. ஒரே ஒரு புரோகிராம். திறந்தேன். வரிசையாக எண்கள். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் சுரம், இரண்டாவது அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பது. நான் கண்ணால் பார்த்தேயிராத ஒரு மனிதரின் விசில், எட்டு வரித் திரையில் எண்ணாக நின்றது. மயிர்க்கூச்செறிந்தது. எதையும் தொடுவதற்கு முன் படம் எடுப்பது என் வழக்கம். போனில் ஒவ்வொரு திரையாகப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு வரி வரியாகச் சரிபார்த்தேன்.

நான் பயந்தது நடந்திருந்தது. மெட்டில் ஒரே ஏற்றம் மூன்று முறை வருகிறது. முதல் முறையும் மூன்றாவது முறையும் உச்சியில் ஒரே எண். நடுவில் வருவதில் மட்டும் அந்த இடத்தில் வேறு எண். எந்தச் சுரத்திலும் சேராத எண். என் கைப்பழக்கத்தால் அந்த மனிதரின் மெட்டில் ஒரு துளி உதிர்ந்துவிட்டது என்று எனக்கு உடம்பு கூசியது. நல்லவேளையாகச் சரியான எண் பக்கத்திலேயே இரண்டு இடத்தில் இருந்தது. அதைப் பார்த்து நடு எண்ணைத் திருத்தினேன். ஒரு பல் உடைந்த செட்டில் புதுப்பல் வைத்த திருப்தி.

நாத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாளைக் காலைவரை காத்திருக்க என்னால் ஆகாது. ஓட்டினேன்.

மெல்லிய பீப் சத்தம்தான். ஆனால் விசிலடிக்கிறவர் மூச்சு இழுக்கிற இடத்தில்கூட இடைவெளி விட்டு எழுதியிருந்தார். முதல் ஏற்றம் ஏறி இறங்கியது. நாத்தனாரின் முகம் மலர்ந்தது. இரண்டாவது ஏற்றம். உச்சியைத் தொட்டதும் அவர் முகம் சட்டென்று சுருங்கியது. கையை நீட்டி ஒரு விசையைத் தட்டினார். சத்தம் நின்றது.

"சுதியெல்லாம் சுத்தமா இருக்கு," என்றார். "ஆனா இது அவரு இல்ல."

நான் என்ன செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அவர் கணவருக்கு அந்த இடத்தில் மூச்சுப் பற்றாதாம். முதல் தடவை ஏறிவிடுவார், இரண்டாவது தடவை உச்சியில் வழுக்கிவிடுவார். வீடே சிரிக்கும். போதும் போதும், காது வலிக்குது என்று இவர் நிறுத்திவிடுவார். இயந்திரத்திலும் அதையே எழுதி வைத்துவிட்டு, இப்ப நீ எப்படித் தூங்கறேன்னு பாக்கறேன் என்றாராம்.

மூச்சே இல்லாத ஒரு பெட்டிக்குள் தன் மூச்சுப் பற்றாமையை எண்ணாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை இத்தனை வருஷம் நாலு பென்சில் பேட்டரி காப்பாற்றியிருக்கிறது. நான் வந்து அரை நிமிஷத்தில் திருத்திவிட்டேன். போனில் படத்தைத் திறந்து, பழைய எண்ணைப் பார்த்து, என் திருத்தத்தை அழித்து எழுதினேன். ஓட்டினேன்.

முதல் ஏற்றம். இரண்டாவது ஏற்றம். உச்சியைத் தொட வேண்டிய இடத்தில் மெட்டு வழுக்கிக் கோணலாக விழுந்தது. கேட்கச் சகிக்காத சுரம். நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்தபடியே அவர் கை நிறுத்துவதற்காக விசையை நோக்கிப் போனது.

"தினமும் இந்த இடத்துலதான் நிறுத்துவேன்," என்றார். "போதும், எழுந்துட்டேன்னு சொல்லி நிறுத்திடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எண்களைப் பார்த்தவள். அவர் பார்த்ததில்லை.

"நிறுத்தாதீங்க அக்கா. இதுக்கு மேல இருக்கு."

அவர் கை அந்தரத்தில் நின்றது. மெட்டு வழுக்கிய இடத்தில் ஒரு முழு மூச்சுக்கான இடைவெளி விட்டு, மூன்றாவது முறையாகக் கீழேயிருந்து ஏற ஆரம்பித்தது. நிதானமாக, ஒவ்வொரு படியாக. உச்சிக்குப் போய், துளிகூடப் பிசகாமல், நீளமாக நின்றது.

"எட்டிட்டாரு," என்றார் நாத்தனார் மெல்ல.

மெட்டு இறங்கி முடிந்தது. விசையைத் தொடும்வரை நிற்காதபடிதானே எழுதியிருந்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நாத்தனார் இரண்டு கையையும் இழுத்து மாவு படிந்த ஏப்ரனுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.